கணவாயின் நரம்பு அளித்த விடை



காலில் முள் தைத்த கணத்திலேயே காலை இழுத்துக்கொள்கிறோம். அச்செய்தியை நரம்பின் வழியே கொண்டு செல்வது யாது? இத்தாலியப் பேராசிரியர் கல்வானி தவளைக் கால்களை ஆராய்ந்து, அது ஒருவகை மின்சாரமே என்று 1791ஆம் ஆண்டில் எழுதினார். ஆயினும், உயிர்க்கலத்தில் மின்சாரம் பிறப்பது எவ்வாறு என்பது நெடுங்காலம் புலப்படவில்லை.

1902இல் ஜெர்மானிய அறிஞர் பேண்ஸ்டைன் ஒரு கொள்கையை வெளியிட்டார். நரம்புக் கலத்தின் உள்ளே பொற்றாசியமும் வெளியே சோடியமும் மிகுந்துள்ளன. இரண்டும் மின்னேற்றமுள்ள துகள்களாக, அதாவது அயன்களாக, இருக்கின்றன. ஓய்வு நிலையில் கலத்தின் மெல்லிய சவ்வு பொற்றாசியத்துக்கே வழிவிடும். அது வெளியே கசிவதால் உட்புறம் எதிரேற்றம் பெறும். நரம்பு தூண்டப்படும்போது சவ்வு எல்லா அயன்களுக்கும் வழிவிட, மின்னழுத்தம் பூச்சியமாகும் என்றார் அவர்.

இதனைச் சோதிக்க நரம்பினுள்ளே மின்வாயைச் செலுத்தவேண்டும். மயிரிழையினும் நுண்ணிய நரம்பில் அது எளிதன்று. அங்கே கைகொடுத்தது கணவாய். ஒருவகைக் கணவாயின் பெருநரம்பிழை ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் பருமனுடையது. 1939ஆம் ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வு நிலையத்தில், ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் அவ்விழையினுள் நுண்ணிய மின்வாயைச் செலுத்தி அளந்தனர். மின்னழுத்தம் பூச்சியத்தில் நிற்கவில்லை. அதனையுங் கடந்து, உட்புறம் நேரேற்றம் பெற்றது! பேண்ஸ்டைன் கொள்கையில் இதற்கு இடமில்லை. விளக்கங் காணுமுன் போர் மூண்டது. இருவரும் போர்க்காலப் பணிகளுக்குச் சென்றனர்.

போருக்குப் பின், ஹொட்ஜ்கினும் காற்ஸ் என்பவரும் நரம்பைச் சூழ்ந்த கடல்நீரிற் சோடியத்தைக் குறைத்துப் பார்த்தனர். அந்த மேலெழுச்சியும் குறைந்தது. உண்மை வெளிப்பட்டது: தூண்டப்பட்ட நரம்பினுள் முதலிற் சோடிய அயன்கள் பாய்கின்றன; பின்னர் பொற்றாசிய அயன்கள் வெளியேறிப் பழைய நிலையை மீட்கின்றன.

1952இல் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இதனைச் சமன்பாடுகளாக வகுத்தனர். கேம்பிரிட்ஜிலிருந்த கணிப்பொறி அப்போது இயங்காமையால், ஹக்ஸ்லி கையாற் சுழற்றும் எந்திரத்திலேயே கணக்கிட்டார். செய்தி செல்லும் வேகம் செக்கனுக்கு 18.8 மீற்றர் எனக் கணக்குக் கூறியது. நரம்பில் அளந்தது 21.2 மீற்றர். 1963இல் இருவரும் எக்கிள்ஸ் என்பவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பெரியோர் கொள்கைக்கு ஒவ்வாத அளவு ஒன்று கிடைத்தால், அதனைக் கருவியின் பிழையென்று ஒதுக்குவது எளிது. அவ்விருவரும் அதனை ஒதுக்கவில்லை. போராண்டுகள் கடந்தும் மறக்கவில்லை.