கடலில் புல் மேயும் ஆவுளியா

வயலில் மாடு மேய்வதைப் பார்த்திருக்கிறோம். கடலுக்கு அடியிலும் புல் மேயும் ஒரு பாலூட்டி உண்டு. அதுதான் கடல் பசு. பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா மீனவர்கள் இதை ஆவுளியா என்பார்கள்.

நீரிலேயே வாழ்ந்தாலும் இது மீன் அல்ல. நிலத்தில் வாழும் விலங்குகளில் யானைதான் இதற்கு நெருங்கிய உறவு. சுமார் 3 மீட்டர் நீளமும் 400 கிலோ வரை எடையும் கொண்ட இது, ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ கடற்புல்லைத் தின்கிறது. அப்படி மேய்வதால் பழைய புல் போய்ப் புதுப்புல் தளிர்க்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளர்வது இந்தப் புல்வெளிகளில்தான். ஆகவே ஆவுளியா வாழும் கடல், மீனவருக்கும் வளமான கடல்.

இது 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால் இனப்பெருக்கம் மிக மெதுவானது. 13 மாதங்களுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். எனவே ஒரு தாய் இறந்தால் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

மூச்செடுக்கச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இது நீரின் மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்துவிடும். இறைச்சிக்காக வேட்டையாடியதும், இழுவை மடிகள் கடற்புல்லை வாரிச் சென்றதும் இதன் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. வேட்டை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வரலாறே சாட்சி. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் கடல் பசு, பெரிங் கடலில் 1741இல் கண்டறியப்பட்டது. 1768க்குள் வேட்டையால் முற்றிலும் அழிந்துபோனது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆவுளியா இடம்பெற்றுள்ளது. இதைக் கொல்வதும் இறைச்சியை விற்பதும் வாங்குவதும் குற்றமாகும். 2022 செப்டம்பரில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே இதுதான் முதலாவது.

வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து உயிருடன் கடலில் விட்ட மீனவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகையும் வழங்கியுள்ளது. ஆனால் வலைதான் மீனவரின் பிழைப்பு. அறுத்த வலைக்குரிய ஈடு தாமதமின்றிக் கைக்கு வந்தால்தான் அடுத்தவரும் துணிந்து அறுப்பார். நம் பங்குக்கு, ஆவுளியா இறைச்சியை யார் கொடுத்தாலும் வாங்காமல் இருப்போம்.