இராமானுசன் அட்டவணையில் விடுபட்ட எண்

சீனிவாச இராமானுசன் கேம்பிரிட்ஜில் எழுதிய உயர் பகு எண்கள் பற்றிய நெடுங்கட்டுரையை 1915ஆம் ஆண்டில் லண்டன் கணிதக் கழகம் வெளியிட்டது. தன்னினும் சிறிய எவ்வெண்ணையும் விட மிகுதியான காரணிகளை உடையதே உயர் பகு எண். 12, 24, 36 ஆகியன எளிய சான்றுகள். இத்தகைய எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக விரித்தால், 2 முதலான பகா எண்கள் இடைவெளியின்றி வரும். அவற்றின் அடுக்குகள் எவ்விடத்தும் ஏறுவதில்லை. 4, 36 ஆகிய இரண்டும் நீங்கலாக, இறுதிப் பகா எண்ணின் அடுக்கு 1 என்பதையும் அவர் நிறுவினார்.

கட்டுரையின் அட்டவணை 67,46,32,83,88,800 என்னும் எண்ணோடு முடிகிறது. அவ்வெண் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என விரியும்; அதன் காரணிகள் 10,080. ஆனால் 5,040 காரணிகளையுடைய 2,93,31,86,25,600 என்னும் உயர் பகு எண் அட்டவணையில் இடம்பெறவில்லை. அதனை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது அட்டவணையின் இறுதி எண்ணேயாகும்.

இவ்விடுபாட்டால் தேற்றங்களுக்கு ஊறு எதுவுமில்லை. எனினும் அது வரலாற்றுக்கு ஒரு சான்றாகிறது. நாமகிரித் தாயாரின் அருளால் கனவில் கணிதம் கைவந்தவர் என்றே தமிழுலகம் இராமானுசனைப் போற்றி வருகிறது. இவ்வட்டவணையோ எண்ணெண்ணாகக் கையாற் கணித்தவரைக் காட்டுகிறது; அவர் கண்ணுக்கும் ஒன்று தப்பியது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியது இவ்வுழைப்புக்கே.