முள்ளந்தண்டு வாதமும் கோர்ட்டிகோஸ்டீரொயிட் சிகிச்சையும்

முள்ளந்தண்டின் மூட்டுகளில் உண்டாகும் வாத அழற்சியைத் தணிக்கும் பொருட்டு, சிறுநீரகங்களின் மேல் அமைந்த அதிரீனல் சுரப்பிகளின் புறணி சுரக்கும் ஓமோன்களை ஒத்த மருந்துகளை மாத்திரையாகவோ ஊசியாகவோ பிரயோகிப்பது கோர்ட்டிகோஸ்டீரொயிட் சிகிச்சையாகும். வேதனையை விரைவில் ஆற்றும் வல்லமை இவற்றுக்கு உண்டாயினும், தேய்ந்த குருத்தெலும்பைப் புதுப்பிக்கும் சக்தி இல்லை. ஆகவே, இவை நோயின் மூலத்தைக் களைவன அல்ல, நோயாளி எழுந்து நடமாடுவதற்கு அவகாசம் தருவன என்று கொள்ளுதலே பொருந்தும்.

வரலாறு

1948 செப்டெம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், முடக்குவாதத்தால் நடமாட இயலாதிருந்த ஒரு பெண்ணுக்குப் பிலிப் ஹென்ச்சும் அவர்தம் சகாக்களும் அதிரீனல் ஓமோனாகிய கோர்ட்டிசோனைச் செலுத்த, சில தினங்களிலேயே அவர் நடக்கலானார். ஹென்ச், எட்வர்ட் கெண்டல், ததேயுஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் இவ்வோமோன்கள் பற்றிய ஆய்வுக்காக 1950இல் நோபல் பரிசு பெற்றனர். எனினும், அம்மருந்தை நெடுங்காலம் உட்கொண்டோருக்கு நேரும் தீங்குகளும் விரைவிலேயே புலப்படலாயின.

பிரயோகம்

முள்ளெலும்புகளின் பின்புறச் சிறு மூட்டுகள் தேய்ந்து அழலும்போதும், நரம்பு வேர் நெருக்குண்டு வலி காலுக்கு இறங்கும்போதும், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஊசிமுனையின் போக்கைப் பார்த்தவாறே, மரப்பு மருந்துடன் மெத்தில்பிரெட்னிசலோன் முதலிய ஸ்டீரொயிட்டுகளை உரிய இடத்தில் செலுத்துவர். பலன் சிலருக்குச் சில வாரங்களும் சிலருக்குச் சில மாதங்களும் நீடிக்கும். சிலருக்குக் கிட்டாமலும் போகும். காலையில் முதுகு விறைத்து, நடமாட நடமாட இளகும் அங்கிலோசிங் ஸ்பொண்டிலைற்றிஸ் என்னும் நோய்க்கோ, ஸ்டீரொயிட் மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுத்தல் தகாது என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல். அந்நோய்க்குத் தேகாப்பியாசமும் ஸ்டீரொயிட் அல்லாத அழற்சி நீக்கிகளும் முதன்மையானவை.

கண்டிப் பிரதேசம்

இலங்கையின் கண்டிப் பிரதேசத்தில், 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டதிலிருந்து பெருகிய தோட்டங்களில், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, கொழுந்தின் பாரம் முதுகில் அழுந்தச் சரிவேறி இறங்கும் பெண்களுக்கு இடுப்புவலி அன்றாட உபாதை. அவ்வலி தசைப்பிடிப்போ, தேய்வோ, அழற்சியோ என்று பகுத்தறிந்த பின்னரே ஸ்டீரொயிட்டை நாடவேண்டும். இதற்குக் கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் கட்டணமின்றித் துணைநிற்கின்றன. திகனையிலுள்ள புனர்வாழ்வு வைத்தியசாலை உடலியக்கப் பயிற்சிக்குப் பேருதவி புரிகிறது.

அபாயங்கள்

முதுகுவலிக்கென்று மாதக்கணக்கில் விழுங்கிய ஸ்டீரொயிட் மாத்திரையாகிய பிரெட்னிசலோனே எலும்பின் சத்தைக் கரைத்து, முள்ளெலும்பை நொறுங்கச் செய்தல் இம்மருந்தின் கொடிய விளைவுகளுள் ஒன்று. நீரிழிவுடையோருக்கு ஊசி ஏற்றியபின் சில தினங்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறும்; முள்ளந்தண்டுக் காசநோயை வாதமென்று மயங்கிக் கொடுத்தால், வலி தற்காலிகமாகத் தணிய, நோயோ உள்ளே பரவும். பல வாரங்கள் உண்டவர் திடீரென நிறுத்தினால், உறங்கிப்போன அதிரீனல் சுரப்பி உடனே விழிக்காமையால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆதலின், பழைய மருந்துத் துண்டைக் காட்டி மீண்டும் மீண்டும் மாத்திரை வாங்கும் வழக்கத்தை அறவே விடுத்து, அளவைக் கூட்டுவதையும் குறைப்பதையும் வைத்தியர் பொறுப்பிலேயே விடுதல் வேண்டும்.