முன்னா, பின்னா? ‘போதை ஆளுமை’ என்ற கருத்தின் நூறாண்டு

போதைக்கு அடிமையாகிறவர்கள் பிறவியிலேயே தனி ரகம் என்ற நம்பிக்கை பழையது. “அவன் புத்தியே அப்படி” என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுகிறோம். மருத்துவமும் நெடுநாள் ஏறக்குறைய அதையேதான் சொல்லிவந்தது. அந்தக் கருத்து உருவாகி உடைந்த கதையை, பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுகளின் வழியே இக்கட்டுரை தொடர்கிறது. ஒருவருடைய குணத்தை எப்போது அளந்தார்கள் என்று கேட்காமல் இத்துறையில் எந்த முடிவையும் ஏற்கக் கூடாது என்பதே என் வாதம்.

1914-இன் ஹாரிசன் சட்டம் அபின், மார்ஃபின் விற்பனையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. நேற்றுவரை மருந்துக்கடையில் வாங்கிப் பழகியவர்கள் பலர் அதன்பின் குற்றவாளிகளாகப் பார்க்கப்பட்டார்கள். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் மனநல மருத்துவர் லாரன்ஸ் கோல்ப் 1925-இல் இவர்களை வகைப்படுத்தினார். வலிக்கு மருந்து உண்டு சிக்கிக்கொண்ட இயல்பானவர்கள் ஒரு பக்கம், முன்பே மனநிலை பிறழ்ந்தவர்கள் மறுபக்கம். அபின் வகைகள் உண்மையான களிப்பைத் தருவது இரண்டாம் வகையினருக்கே என்றார். 1935-இல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் பாதி மருத்துவமனை, பாதி சிறை என்று ஒரு நிலையம் திறந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அங்கே ஆய்வுக்குக் கிடைத்தவர்களில் கைதிகள் ஏராளம். பல ஆண்டுப் பழக்கம், கைது, சிறை எல்லாவற்றையும் கடந்து வந்த மனிதனிடம் அவநம்பிக்கையும் சிடுசிடுப்பும் இருந்தால், அது பழக்கத்துக்கு முன்பே இருந்தது என்று எப்படிச் சொல்வது? கேள்வி எளியதுதான். ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு, 1952-இல் வந்த முதல் பதிப்பில், போதை அடிமைத்தனத்தைச் சமூக விரோத ஆளுமைக் கோளாறுகளோடு சேர்த்தே வைத்தது. 1980-இல் மூன்றாம் பதிப்புதான் அதைத் தனி நோயாகப் பிரித்தது.

இடையில் வியட்நாம் போர் வந்தது. அங்கே ஹெராயின் மலிவு, தூய்மை அதிகம், கைக்கெட்டும் தூரம். 1971 செப்டம்பரில் நாடு திரும்பிய படைவீரர்களை ஆய்வாளர் லீ ராபின்ஸ் பின்தொடர்ந்து விசாரித்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 விழுக்காடு மட்டுமே. மாறாத குணம்தான் காரணம் என்றால் அந்தக் குணம் விமானத்தில் கூடவே வந்திருக்க வேண்டும். அதே சமயம், படையில் சேருமுன்பே வம்பில் மாட்டியவர்கள் வியட்நாமில் ஹெராயினைத் தொடும் வாய்ப்பு அதிகம் என்றும் ராபின்ஸ் கண்டார். குணத்துக்குப் பங்கே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

முன்னா, பின்னா என்ற குழப்பத்தைத் தீர்க்க ஒரே வழி, குழந்தையிலிருந்தே பார்ப்பது. ஜாக் பிளாக், ஜீன் பிளாக் தம்பதியர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்று வயதில் சந்தித்து, பதினெட்டு வயதுவரை விடாமல் பார்த்தார்கள். ஐந்து வயதில் ஒரு சோதனை: பிள்ளைக்கு ஒரு புதிரைத் தாய் சொல்லித்தர வேண்டும், ஆய்வாளர்கள் கவனிப்பார்கள். 1990-இல் ஜொனாதன் ஷெட்லரும் ஜாக் பிளாக்கும் 101 பேரின் முடிவை வெளியிட்டார்கள். பதினெட்டு வயதில் அடிக்கடி போதையை நாடியவர்கள், ஏழு வயதிலேயே கூட்டாளிகளோடு ஒட்டாமல் பாதுகாப்புணர்வின்றித் தவித்த பிள்ளைகள். அந்தப் புதிர் நேரத்தில் அவர்களுடைய தாய்மார் அரவணைப்பின்றிக் குறைசொல்லி நெருக்கினார்கள். போதையையே தொடாதவர்கள் பலரிடம் பதற்றமும் உணர்ச்சி இறுக்கமும் இருந்தன. அவர்களுடைய தாய்மாரும் அந்தப் புதிர் நேரத்தில் அரவணைப்பின்றியே இருந்தார்கள். எப்போதாவது கஞ்சாவைத் தொட்டுப் பார்த்தவர்களே மனநலத்தில் மேலாக இருந்தது பலரைக் கொதிக்கவைத்தது. அது கஞ்சா தந்த நலம் அன்று. அன்றைய சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் கஞ்சா இளைஞரிடையே சாதாரணம் என்பதோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். என்னை உலுக்குவது அந்தப் புதிர் மேசைதான். கேடு தொடங்கிய இடத்தில் போதைப்பொருள் எதுவும் இல்லை.

பிற்கால ஆய்வுகள் ‘ஒரே ரகம்’ என்பதை மேலும் கலைத்தன. பால்டிமோரில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், ஹெராயின், கோகெய்ன் எடுப்பவர்களிடம் மனக்கலக்கம் மிகுதி, பொறுப்புணர்வு குறைவு. கஞ்சா எடுப்பவர்களிடம் மனக்கலக்கம் சராசரிதான், புதியதை நாடும் மனம் அதிகம். இவையெல்லாம் ஒரே நேரத்தில் அளந்தவை என்பதால் காரணம் எது, விளைவு எது என்று இவற்றால் சொல்ல முடியாது.

குணத்தைப் பழக்கத்துக்கு முன்கூட்டியே அளந்து பயன்படுத்தியவர் ஆய்வாளர் பத்ரிசியா கான்ராட். நம்பிக்கையிழப்பு, பதற்ற உணர்வு, முன்பின் யோசியாமை, சிலிர்ப்பைத் தேடுதல் என்ற நான்கு கூறுகளை லண்டன் பள்ளிப் பிள்ளைகளிடம் வினாத்தாளால் கண்டறிந்து, அந்தந்தக் கூறு மிகுந்தவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்தார். தொண்ணூறு நிமிட அமர்வுகள் இரண்டு. அங்கே போதையைப் பற்றிய பேச்சு குறைவு. கோபம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது, மனம் என்ன சொல்கிறது, கை என்ன செய்யத் துடிக்கிறது என்பதைப் பிள்ளைகள் தங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்தே எடுத்துப் பேசுகிறார்கள்.