டிரானெக்ஸாமிக் அமிலம் (முதுகெலும்பு அறுவையில்)

டிரானெக்ஸாமிக் அமிலம்: ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து. ஜப்பானைச் சேர்ந்த உதாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ தம்பதியர் 1962இல் இதை அறிவித்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

பயன்: வளரிளம் பருவத்தினரில் சுமார் 2 முதல் 3 சதவீதத்தினருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைகிறது (ஸ்கோலியோசிஸ்). பொதுவாக வளைவு 45–50 பாகையைத் தாண்டினால் திருகாணி, கம்பி பொருத்தி நிமிர்த்தும் அறுவை பரிசீலிக்கப்படும். சென்னை கிரீம்ஸ் சாலை அப்பல்லோ, கோயம்புத்தூர் கங்கா ஆகிய மருத்துவமனைகளில் இவ்வகை அறுவை நடைபெறுகிறது. நீண்ட வெட்டு, பல எலும்புகளில் துளையிடல், பல மணி நேரம் ஆகியவற்றால் ரத்த இழப்பு மிகும்; அதைக் குறைக்கவே இம்மருந்து.

செயல்முறை: உறைந்த ரத்தத்தைத் தாங்கும் ஃபைப்ரின் இழைகளைப் பிளாஸ்மின் கரைக்கிறது. அதன் மூலப்பொருளான பிளாஸ்மினோஜென் ஃபைப்ரினில் ஒட்டாதபடி இம்மருந்து தடுப்பதால், உருவான உறைவு நிலைக்கிறது. புதிய உறைவை இது உண்டாக்குவதில்லை.

அளவு: தோலைக் கீறுமுன் உடல் எடைக்கேற்ப சிரை வழியே முதல் அளவு செலுத்தி, அறுவை முடியும்வரை சிறிது சிறிதாகத் தொடர்வர்.

எச்சரிக்கை: ரத்த உறைவால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளோருக்குத் தரலாகாது. வலிப்பு உள்ளோருக்குக் கவனம் தேவை. சிறுநீரகக் குறைபாட்டில் அளவைக் குறைக்க வேண்டும். இம்மருந்து தரப்பட்டாலும் பொருந்தும் ரத்தத்தை ரத்த வங்கியில் ஒதுக்கிவைப்பது வழக்கம்.