பிரைட்டனுக்கு வந்தவர்கள்: ஒரு கடற்கரை நகரின் இந்திய வரலாறு

லண்டனிலிருந்து தெற்கே ஒரு மணி நேர இரயில் பயணத்தில் சஸெக்ஸ் கடற்கரையிலுள்ள பிரைட்டன் வந்துவிடும். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேர் சாலை கடலை நோக்கி இறங்குகிறது; சற்றே இடப்புறம் திரும்பினால் வெங்காய வடிவக் குவிமாடங்களும் மினாரைப் போன்ற கோபுரங்களும் கொண்ட ஓர் அரண்மனை எதிர்ப்படும். இராயல் பெவிலியன் என்பது அதன் பெயர். அதை ஓர் உல்லாச இளவரசரின் விசித்திர ஆசை என்று சொல்லிக் கடந்து போவது சுற்றுலாக் கையேடுகளின் வழக்கம். அந்த விளக்கம் பொய்யன்று, ஆனால் போதாது. வருவோரை வரவேற்பதையே பிழைப்பாகக் கொண்ட இந்நகரில் இந்தியா முதலில் படமாக வந்தது; பிறகு ஒரு தனி மனிதரின் தொழிலாக வந்தது; நூறாண்டுகள் கழித்து ஆயிரக்கணக்கான காயம்பட்ட உடல்களாக வந்தது. இவற்றுள் எந்த வருகையை நகரம் விருந்தாக ஏற்றது, எதற்குக் காவல் போட்டது என்பதே ஆராயத்தக்க கேள்வி.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூர் பிரைட்ஹெல்ம்ஸ்டன் என்ற நலிந்த மீனவக் குடியிருப்பு. 1703-இலும் 1705-இலும் வீசிய பெரும் புயல்கள் அதை மேலும் நலிவித்தன. அதனை மீட்டது மருத்துவம். அருகிலிருந்த லூயிஸ் ஊரின் மருத்துவர் ரிச்சர்டு ரசல், சுரப்பி நோய்களுக்குக் கடல்நீரே மருந்து என்று வாதிட்டு 1750-இல் இலத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் மூழ்குவதோடு நில்லாமல் அதைக் குடிக்கவும் வேண்டும் என்பது அவர் விதித்த முறை. சில ஆண்டுகளில் அவரே பிரைட்டனில் வீடு கட்டிக் குடியேறினார். தமிழில் கடலாடுதல் என்ற சொல் விழாவோடும் நோன்போடும் ஒட்டியது. பிரைட்டனிலோ அது மருத்துவரின் கட்டளையோடு ஒட்டியதாகத் தொடங்கி, மெல்ல மெல்லப் பொழுதுபோக்காக உருமாறியது. நோயாளியைச் சக்கரம் பூட்டிய மர அறையில் அமர்த்திக் குதிரையைக் கொண்டு நீருக்குள் இழுத்துச் செல்வார்கள். அங்கே காத்திருக்கும் உள்ளூர்ப் பெண்கள் அவரைப் பிடித்து அலையில் முக்கி எடுப்பார்கள். அவர்களுள் மார்த்தா கன் என்பவர் நகரெங்கும் அறியப்பட்ட புகழ் பெற்றிருந்தார். ஸ்கார்பரோவில் கடற்குளியல் இதற்கு முன்பே நடைமுறையில் இருந்தது. ஆனால் பிரைட்டனுக்கு இருந்த வாய்ப்பு லண்டனின் அண்மை.

அந்த அண்மையே 1783-இல் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜையும் இங்கே கொண்டுவந்தது. பண்ணை வீடு ஒன்றில் தொடங்கிய அவர் வாசம், 1787-இல் ஹென்றி ஹாலண்டு கட்டிய மாளிகையாக வளர்ந்தது. ஆனால் பிரைட்டனின் முதல் ‘இந்திய’க் கட்டடம் மனிதர்களுக்காகக் கட்டப்பட்டதன்று, அது குதிரை இலாயம். வில்லியம் போர்டன் 1803 முதல் 1808 வரை எழுப்பிய அந்தப் பெருங்குவிமாடம் இன்று இசையரங்காக விளங்குகிறது. தில்லி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த ஆண்டும் 1803-தான். ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே காலம் ஈன்றது என்பதை மறக்கவும் வேண்டியதில்லை. 1815-இல் ஜான் நாஷ் மாளிகையை மாற்றத் தொடங்கி, இரும்புச் சட்டங்களின் மேல் குவிமாடங்களை ஏற்றினார். போர்டனோ நாஷோ இந்தியாவைக் கண்டவர்களல்லர். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஓவியர்கள் இந்தியாவெங்கும் சுற்றி வரைந்து 1795 முதல் வெளியிட்ட ‘ஓரியண்டல் சீனரி’ என்ற படத்தொகுதிகளே அக்காலத்துக்கு இந்தியக் கட்டடக்கலையின் பாடநூலாக இருந்தன. அத்தொகுதிகளில் தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லபுரத்துச் சிற்பப் பாறைகளும் இடம்பெற்றுள்ளன. பெவிலியனோ அவற்றைத் தொடவில்லை. முகலாயக் குவிமாடம், கல் சாளரம் ஆகியவற்றின் சாயலை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளறைகளைச் சீனப் பாணியில் அலங்கரித்தது. கிழக்கு என்பது வேண்டியதைப் பொறுக்கி எடுக்கும் களஞ்சியமாகக் கருதப்பட்டது. அதில் எது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதாகத் தோன்றவில்லை.

இப்படம் உருவாகிக்கொண்டிருந்தபோதே உண்மையான இந்தியர் ஒருவர் அங்கே கடை விரித்தார். பாட்னாவில் பிறந்து, கம்பெனியின் வங்காளப் படையோடு திரிந்து, 1784-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் குடியேறியவர் சேக் தீன் முகமது. 1794-இல் வெளிவந்த அவருடைய பயண நூல், இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிப் பதிப்பித்த முதல் நூலாகக் கருதப்படுகிறது. 1810-இல் லண்டனில் ‘இந்துஸ்தானி காபி ஹவுஸ்’ திறந்தார். இரண்டே ஆண்டுகளில் கடன் மூழ்கடித்தது. 1814-இல் பிரைட்டனுக்கு வந்தவர், மூலிகை நீராவிக் குளியலையும் உடலைப் பிடித்துவிடும் முறையையும் இணைத்துத் தொழில் தொடங்கி, 1821-இல் கடலோரத்தில் சொந்தக் குளியலகம் கண்டார். அந்தப் பிடித்துவிடுதலுக்கு அவர் வழங்கிய பெயர் ‘ஷாம்பூ’. இந்தியில் அழுத்திப் பிசைதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பின்னாளில்தான் அது தலைக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. நான்காம் ஜார்ஜும் நான்காம் வில்லியமும் அவரைத் தம் ஷாம்பூ மருத்துவராக நியமித்தனர்.

1822-இல் வெளியிட்ட மருத்துவ நூலில் தீன் முகமது தம் பிறந்த ஆண்டை 1749 என்று குறிக்கிறார். முந்தைய பயண நூலின்படி கணக்கிட்டால் அது 1759. பத்தாண்டுகளைக் கூட்டிக்கொண்டு, அந்தக் காலத்தை மருத்துவப் பயிற்சியால் நிரப்பியிருக்கிறார் என்பது ஆய்வாளர்களின் முடிவு. இதை ஏமாற்று என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கடல்நீரைக் குடித்தால் சுரப்பி நோய் தீரும் என்று நம்பிய ஊரில், தன் கைத்திறனுக்கு ஒரு கல்விச் சான்றைத் தானே எழுதிக்கொண்ட வேற்று நாட்டவரை அவ்வளவு விரைவாகக் கண்டிப்பது நியாயமாகாது. கிழக்கைப் பற்றி அந்நகரம் கொண்டிருந்த கற்பனையைத் தன் முதலாக்கி, அதைக்கொண்டு குடும்பம் நடத்தியவர் அவர். 1851-இல் பிரைட்டனிலேயே மறைந்து, புனித நிக்கலஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1841-இல் லண்டன் இரயில் பாதை திறந்ததும் நகரத்தின் இயல்பு மாறியது. 1801-இல் ஏறத்தாழ 7,000 ஆக இருந்த மக்கள்தொகை, 1851-இல் 65,000-ஐத் தாண்டியது. பிரபுக்களின் பருவகால வாசத்தின் இடத்தில் எழுத்தரும் கடைக்காரரும் தொழிலாளரும் ஒரு நாள் வந்து திரும்பும் கூட்டம் நிறைந்தது. கூட்டத்தின் பார்வையை விரும்பாத விக்டோரியா அரசி பெவிலியனைக் கைவிட்டார். 1850-இல் நகரமே அதை விலைக்கு வாங்கியது. இந்த விற்பனையை நினைவில் நிறுத்த வேண்டும். அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அது மறைக்கப்பட்டது.

1914 இலையுதிர் காலத்தில் பிரான்சுப் போர்முனைக்குச் சென்ற இந்தியப் படையினர், குளிரிலும் சேற்றிலும் பெரும் எண்ணிக்கையில் வீழ்ந்தனர். காயமுற்றோருக்காகப் பிரைட்டனில் மூன்று இடங்கள் மருத்துவமனைகளாயின: குவிமாட அரங்கோடு சேர்ந்த பெவிலியன், யார்க் பிளேஸ் பள்ளிக் கட்டடங்கள், ஏழைகள் விடுதியாக இருந்து கிச்சனர் பெயர் சூட்டப்பட்ட பெரிய மனை. 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை 12,000-க்கும் மேற்பட்ட இந்தியர் இவற்றில் சிகிச்சை பெற்றனர். பெவிலியனில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட படுக்கைகள். விருந்து மண்டபத்திலும் இசை அறையிலும் சரவிளக்குகளின் கீழ் கட்டில்கள் வரிசையிட்டன. இளவரசரின் பெருஞ்சமையலறை அறுவை அரங்காயிற்று. நோயாளிகளுக்கென வளாகத்தில் ஒன்பது தனிச் சமையற்கூடங்கள் அமைந்தன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் குடிநீர்க் குழாய்கள் தனித்தனி. அறிவிப்புகள் உருது, இந்தி, குர்முகியில். புல்வெளியில் தொழுகைக்கும், கூடாரத்தில் குருத்வாராவுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. சாதியும் சமயமும் பிறழாமல் காக்கப்படுவதாக இந்தியக் கிராமங்களுக்குச் செய்தி போக வேண்டும் என்ற அரசியல் அக்கறையும், 1857-இன் நினைவும் இந்தக் கவனத்தின் பின்னே இருந்தன. எனினும் கவனம் உண்மையானதே. நல்ல உணவும் நல்ல சிகிச்சையும் கிடைத்தன என்பதை மறுக்க இயலாது.

1915-இல் ஆங்கிலம், குர்முகி, உருது ஆகிய மொழிகளில் பெவிலியனைப் பற்றி ஒரு சிறுநூல் அச்சிட்டு வழங்கப்பட்டது. பேரரசர் தம் வீரர்களுக்காகத் தம் அரண்மனையையே ஒழித்துக் கொடுத்தார் என்ற எண்ணம் பரப்பப்பட்டது. வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் அரசரின் அரண்மனையில் படுத்திருக்கும் பெருமிதம் திரும்பத் திரும்ப வருகிறது. கட்டடமோ 1850 முதல் நகராட்சியின் சொத்து. வெள்ளையரின் கற்பனை இந்தியாவுக்குள் உண்மை இந்தியரைக் கிடத்தி எடுத்த ஒளிப்படங்கள் அஞ்சலட்டைகளாயின. 1915 ஆகஸ்டில் ஜமாதார் மீர் தஸ்துக்கு ஐந்தாம் ஜார்ஜ் விக்டோரியா கிராஸ் அணிவித்ததும் இதே வளாகத்தில்தான்.

வேடிக்கை பார்க்க நகர மக்கள் திரண்டதால் பெவிலியனைச் சுற்றி உயரமான பலகை வேலி எழுந்தது. தேறியவர்கள் குழுவாக, துணையோடு வெளியே அழைத்துச் செல்லப்பட்டனர். கிச்சனர் மருத்துவமனையில் கட்டுப்பாடு இன்னும் கடுமை: கர்னல் புரூஸ் சீட்டனின் நிர்வாகத்தில் முள்வேலியும் காவலும் போடப்பட்டன. உள்ளூர்ப் பெண்களோடு இந்தியர் பழகக்கூடாது என்ற அச்சமே அதன் வேர். நோயாளிகளும் இந்தியப் பணியாளர்களும் அதைச் சிறை என்றே உணர்ந்தனர். மனம் வெதும்பிய இந்தியத் துணை மருத்துவர் ஒருவர் சீட்டனைச் சுட முயன்று தண்டனை அடைந்தார். இதே கடற்கரையின் அடுத்த ஊரான ஹோவில், 1895 முதல் சஸெக்ஸ் அணிக்காக ஆடிய இளவரசர் ரஞ்சித்சிங்ஜியை மக்கள் கைதட்டி வரவேற்றனர் என்பதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். நிறம் மட்டுமே வேலி போடவில்லை, வகுப்பும் போட்டது. வார இறுதியில் இரயிலேறி வரும் லண்டன் தொழிலாளிக்குத் திறந்து கிடந்த கடற்கரையை, உழவர் குடியில் பிறந்த பஞ்சாபிச் சிப்பாய் பெரும்பாலும் வண்டியிலிருந்தோ வரிசையில் நடந்தோதான் பார்த்தான்.

அவனுடைய எண்ணங்களை அறிய இன்று கிடைக்கும் முதன்மைச் சான்று, அஞ்சல் தணிக்கையாளர்கள் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்த கடிதப் பகுதிகள். ஆய்வு மாணவர் அவற்றை வாசிக்கும்போது இரண்டு வடிகட்டிகளை நினைவில் கொள்ள வேண்டும்: தணிக்கை உண்டென்று தெரிந்தே எழுதியவனின் எச்சரிக்கை ஒன்று, பேரரசுக்கு எது கவலை தரும் என்று தேடிய தணிக்கையாளரின் கண் மற்றொன்று.

இறந்த முஸ்லிம்கள் வோக்கிங் நகரப் பள்ளிவாசலுக்கருகே அடக்கம் செய்யப்பட்டனர். இந்துக்களும் சீக்கியரும் 53 பேர் பிரைட்டனுக்கு வடக்கே பேட்சம் ஊரின் மேட்டுநிலத்தில் எரியூட்டப்பட்டனர். அவ்விடத்தில் இ. சி. ஹென்ரிக்ஸ் வடிவமைத்த வெண்பளிங்குச் சத்திரி 1921 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பெவிலியனின் தெற்கு வாயிலை, இந்தியாவின் நன்றிக் காணிக்கையாக, பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார். நன்றி யாருக்கு யார் சொல்வது என்ற ஐயம் அக்கல்வெட்டைப் படிப்பவருக்கு இயல்பாக எழும். வாயில் நகரின் நடுவே எல்லார் கண்ணிலும் படுகிறது. சத்திரிக்கு வண்டிப் பாதை இல்லை. மேய்ச்சல் நிலத்தைக் கடந்து நடந்தே போக வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அம்மேட்டுநிலம் படைப்பயிற்சிக் களமானபோது குண்டுகள் அதன் பளிங்கைச் சிதைத்தன. எரியூட்டப்பட்ட 53 பேரின் பெயர்களைப் பொறித்த கல் அதன் அருகே நிறுவப்பட்டது 2010-இல்.