நொய்யல் கரையில் ஆய்வும் தொழிலும்

கொங்கு வட்டார ஜவுளித் தொழிலுக்கான ஆய்வு பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் வளரவில்லை என்பதற்கு, 1956-இல் கோவையில் ஆலைகளும் அரசும் துணைநின்று உருவாக்கிய ‘சிட்ரா’ என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் சான்றாகும். ஆயினும் மண்ணரை உள்ளிட்ட திருப்பூரின் நொய்யல் கரைப் பகுதிகளில் ஆய்வு, தொழில், சமூகம் ஆகிய மூன்றையும் ஒன்றாக நெருங்க வைத்தது சாயக்கழிவுச் சிக்கலே. பருத்தித் துணியில் சாயம் பற்றச் சேர்க்கும் உப்பு ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணைவரை சென்று பாசன நிலங்களைக் கெடுத்ததால், உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன்பின், கழிவுநீரைச் சவ்வுகளால் வடித்து மீண்டும் பயன்படுத்தி, எஞ்சிய உப்பையும் மீட்கும் ‘கழிவுநீர் வெளியேற்றமற்ற’ முறை, அண்ணா பல்கலைக்கழக வல்லுநர்களின் மதிப்பீட்டுத் துணையுடன் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் வேரூன்றியது. இங்கு ஆய்வுக்குரிய வினாவைத் தொடுத்தவர்கள் பாதிக்கப்பட்ட உழவர்களே.